குடிகாரக் கெண்டைகள்

உலகில் முதன்முதலாக மீன்களின் ஒழுக்கத்தை விசாரித்த பெருமை, மதுவிலக்கு அமலில் இருந்த 1978-இல் ஆம்பூருக்குப் பக்கத்தில் கூடிய எங்கள் 'ஏரி நல ஆய்வுக் குழு'வையே சேரும். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள் என்ற முறையில் நானும் அதில் ஓர் உறுப்பினர்.

ஏரிக்கரையில் குடியிருந்த கெங்கம்மாள்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் ஏரியில் கலந்ததிலிருந்து தன் கிணறு உப்புக் கரிக்கிறது, பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கின்றன, வேறு குடிதண்ணீர் வேண்டும் என்று வந்து நின்றாள். தலைவர் கங்காதரன் 'விஞ்ஞான ஆதாரம்' கேட்டார்.

நான் ஏரிக் கெண்டைகளை அறுத்து, திசுக்களைச் சீவி, நுண்ணோக்கியில் காட்டினேன். செவுள்கள் தடித்து ஒட்டிக் கிடந்தன. ஈரல் வீங்கியிருந்தது. தண்ணீர் கெட்டுப்போனதை மீன் தன் உடம்பாலேயே சொல்கிறது என்றேன்.

தலைவர், வேலூரிலிருந்து வரவழைத்த சோடாவை ஒரு மடக்குக் குடித்தார்.

"ஈரல் யாருக்கும்மா வீங்கும்?"

"விஷம் உள்ளே போனா வீங்கும், சார்."

"குடிக்கிறவனுக்கு வீங்கும். என் மச்சானுக்கு இதே ஈரல்தான்."

குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. கரையில் யாரோ சாராய ஊறல் போடுவதாக ஒருவர் நினைவுகூர்ந்தார். 'மீன்கள் மதுவிலக்கை மீறியுள்ளன' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எனக்குள் ஏதோ உறுத்தியது. அறிவு வளர்கிறபோது அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

போலீஸ் வந்து புதரெல்லாம் வெட்டிப் பார்த்தது. ஒரு பானைகூட அகப்படவில்லை. தடயத்தையும் மீன்களே குடித்துவிட்டன என்றார் தலைவர். எனவே குற்றவாளிகளை வலைபோட்டு வாரி அப்புறப்படுத்தினார்கள். ஈரல் வீங்கிய மீன் ஒன்றுகூட மிஞ்சாததால் ஏரி 'பரிசுத்தமானது' என்று அறிவிக்கப்பட்டது. கெங்கம்மாளின் கோரிக்கை, ஆதாரமில்லாததால் தள்ளுபடி.

அவள் குடத்தோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"மீனு போய்டுச்சி, சரி. தண்ணி அதேதான டீச்சரம்மா? இனிமே இன்னாத்த அறுத்துப் பாப்பீங்க?"

பாவம், குழுவின் தொலைநோக்கு அவளுக்கு எட்டவில்லை. வலையே தேவைப்படாத உயிரினங்களை அதே தண்ணீர் கொடுத்துக் கரைமேல் வளர்த்து வருகிறோம். அவற்றில் இரண்டு அவளை 'அம்மா' என்று கூப்பிடுகின்றன.