ஸ்த்ராத்திஸ் விரிக்க மறுத்த ஐந்து விரல்கள்

ஸிக்ரி, லெஸ்வோஸ் தீவு
அக்டோபர் 14

மதிப்பிற்குரிய டாக்டர் மரித் அவர்களுக்கு,

வணக்கம். நார்வேயில் குளிர் தொடங்கியிருக்கும்; நீங்களும் உங்கள் குழுவினரும் நலமென்று நம்புகிறேன். இங்கும் நலம். பயிற்சி தொடங்கிய இந்த ஒன்பது மாதங்களில் இப்படி எழுதுவது இதுவே முதல் முறை.

பக்கவாதம் வந்த என் கணவர் ஸ்த்ராத்திஸின் வலது கையை நீங்கள் அங்கிருந்தே கேமரா வழியாகச் சோதிக்கலாம் என்றபோது நான் நம்பவில்லை. நான் வேதியியல் ஆசிரியை. தொடாமல் அளப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் அறிக்கை என்று ஒன்று வந்ததும் அதை அப்படியே நம்பிவிட்டேன். 'விரல் விரிப்பு: பூஜ்யம்' என்று மூன்று மாதமாக வந்தது. இந்த மாதமும் பூஜ்யமென்றால் பயிற்சியிலிருந்து அவர் பெயரை நீக்கிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். அவர் அதே கையால் ஆலிவ்களைப் பொறுக்கித் தின்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, மீன்பிடிப் படகை விற்க ஆள் தேடினேன்.

சோதனை நேரங்களில் நான் பள்ளியில் இருப்பேன். சென்ற சனிக்கிழமைதான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உள்ளங்கையைக் கேமராவுக்கு நேராகக் காட்டி, ஐந்து விரல்களையும் விரியுங்கள்" என்றது நீங்கள் அனுப்பிய கேமராப் பெட்டி. திரையின் மூலையில் உங்கள் சிரித்த புகைப்படம். இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். ஏன் என்றேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"நம்ம நல்லதுக்காக மெனக்கெடுற பொம்பள. அவ மூஞ்சிக்கு நேரா அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டச் சொல்றியா? எங்கம்மா என்னை அப்படியா வளர்த்தா?"

டாக்டர், எங்கள் கிரேக்க நாட்டில் ஒருவர் முகத்துக்கு நேரே உள்ளங்கையை விரிப்பதைவிடப் பெரிய வசவு இல்லை. மூன்று மாதம் அவர் உங்களுக்கு மரியாதை செய்திருக்கிறார். நீங்கள் அதற்குப் பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள்.

நான் கெஞ்சினேன், மிரட்டினேன், உங்கள் படத்தின் மேல் காகிதத் துண்டை ஒட்டினேன், அது விழுந்தது, பெட்டி "இன்னும் கொஞ்சம் முயலுங்கள்" என்றது, அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு பந்தெலிஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "என்னடா ஸ்த்ராத்தி, இந்தக் கையை வச்சுக்கிட்டா வலை இழுக்கப் போற? படகைப் பேசாம எனக்கே கொடுத்துடு" என்றான், அவ்வளவுதான், மடியிலிருந்த கை எழும்பியது, திரை முழுக்க உள்ளங்கை, ஐந்து விரலும் ஐந்து பக்கம். "மிக நன்று. ஐந்துக்கு ஐந்து" என்றது பெட்டி. வசவு வாங்கிய பந்தெலிஸ் குதிக்கிறான்: "எர்மியோனி, பாத்தியா, விரிஞ்சிடுச்சு! டேய், இன்னொரு தடவை திட்டுடா!" இவர் திட்டினார். ஏழு முறை. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் நின்றேன்.

பதிவை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து அவர் பெயரை நீக்காதீர்கள். படகை விற்கவில்லை. உங்களுக்கு நாங்கள் பட்ட நன்றிக்கடனை எழுத எனக்கு வராது. உப்பிட்ட மத்தி ஒரு டின் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கை பந்தெலிஸுக்குக் காட்டியதுதான், உங்களுக்கு அல்ல என்று உறுதி கூறுகிறேன். தேவமாதா உங்களையும் உங்கள் கைகளையும் காக்கட்டும்.

நன்றியுடன்,
எர்மியோனி

பி.கு.: கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "பந்தெலிஸ் எனக்கு முதுகுப் பக்கம்ல நின்னான்?" என்கிறார். பதிவைத் திரும்பப் பார்த்தேன். உண்மைதான்; கை நீண்டது உங்கள் படத்தை நோக்கித்தான். அடுத்த வாரம் இரண்டு கைச் சோதனை என்றிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் அது இருமடங்கு வசவு. காலையிலிருந்து உங்கள் படத்தின் முன்னால் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார்.