பதினோரு பக்கம் பாக்கி

இருபத்தாறு வயதில், முறுக்கிய மீசையுடன், குழந்தைகள் கதைப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படித்து ஊர் சிரிக்க மாட்டிக்கொண்டவன் நான்.

ஐம்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவில் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். (அப்பா விட்டுப்போன மேஜை. ஒரு கால் ஆடும்.) பத்து வயதில் அம்மா போய்ச் சேர்ந்ததும், பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னை அங்கே உட்காரவைத்தார் அப்பா. மற்ற பிள்ளைகள் கதை கேட்ட வயதில் நான் கேட்டதெல்லாம் நிலத்தின் நான்கு எல்லைகள்தான்.

லீவுக்கு வந்த அக்கா மகள் அந்தப் புத்தகத்தை எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். அட்டை கிழிந்திருந்ததால் பெயர்கூடத் தெரியாது. பறவையாகிப் போன அம்மாவைத் தேடி செம்பா என்ற சிறுமி ஏழு மலை தாண்டிப் போகிறாள். சும்மா புரட்டினேன். அவ்வளவுதான், சோறு ஆறிப்போனது. மறுநாள் வேலைக்கும் கொண்டுபோய், தாள் கட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். வந்தவர்கள் வெற்றிலை போடும் நேரத்தில் அரைப் பக்கம், ஒரு பக்கம்.

அன்று வாசுதேவநல்லூர் அண்ணாச்சி ஒருவர் மகள் கல்யாணத்துக்காக வயலை விற்க வந்திருந்தார். வாங்குகிறவர் கரிவலம்வந்தநல்லூர்க்காரர். அண்ணாச்சி எல்லைகளைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கை பத்திரத்தில், மனசு ஏழாவது மலையில்.

உள்ளே அதிகாரி சத்தமாக வாசித்தார்.

“வடக்கே வண்டிப்பாதை. கிழக்கே...” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கிழக்கே, ஏழு தலை நாகம் காவல் காக்கும் கிணறு.”

வாங்குகிறவர் எழுந்துவிட்டார். “நாகம் கெடக்குன்னு ஒரு வார்த்த சொல்லலியே, அண்ணாச்சி!”

“அங்கன தவளகூடக் கெடையாதுய்யா!” என்று அலறிய அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “ஏலே, எம் மக கல்யாணத்துல வெளாடுதியாலே?” அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

“சகுனமே சரியில்ல, எனக்கு வேண்டாம்” என்று மற்றவர் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நடுத்தெருவில் வழிமறித்து, “நாகம் இதுலதான் இருக்கு, வயல்ல இல்ல” என்று அந்தப் பக்கத்தையே வாசித்துக் காட்டினேன். (தெருவில் நல்ல கூட்டம்.) முறைத்தபடி கேட்டவர், நான் நிறுத்தியதும், “பொறவு அந்தப் புள்ளைக்கு அம்மா கெடச்சாளா?” என்றார்.

“தெரியல. இன்னும் பதினோரு பக்கம் பாக்கி.”

சிரித்துவிட்டார். திரும்பி வந்தார். புதிதாக எழுதிய பத்திரத்தில் கிணறு வெறும் கிணறாகப் பதிவானது. கல்யாணமும் நடந்தது.

ஆனால் அதிகாரி கை நீட்டினார். “இத நான் வச்சுக்கிடுதேன். அப்பந்தான் நீரு ஒழுங்கா எழுதுவீரு.” கொடுத்தேன். மறு வாரமே அவர் மாற்றலாகிப் போனார், புத்தகத்தோடு. அக்கா மகளுக்கும் முடிவு நினைவில்லை. பிறகு திருநெல்வேலி, மதுரை என்று எத்தனையோ கடைகளில் கேட்டுவிட்டேன். பெயர் தெரியாத புத்தகத்தை எவர் எடுத்துத் தருவார்?

எனக்குப் பிள்ளைகள் பிறந்து கதை கேட்டபோது, முடிவை நானே கட்டினேன். மகளிடம், அம்மா பறவை இறங்கி வந்து செம்பாவைக் கட்டிக்கொண்டாள் என்றேன். பின்னால் பிறந்த மகனிடம், செம்பாவும் பறவையாகிப் பறந்துவிட்டாள் என்றேன். (மகளிடம் சொன்னது மறந்துபோயிற்று.) இருவருக்கும் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. இன்றும் பொங்கலுக்குக் கூடினால் இந்தச் சண்டைதான். பேரப்பிள்ளைகள் வேறு கட்சி பிரிந்து நிற்கிறார்கள்.

“எதுப்பா நெசம்?” என்பாள் மகள்.

“அந்த ஆபீசரத்தான் கேக்கணும்” என்று நழுவிவிடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

மகளுக்குச் சொன்ன முடிவுதான் நிஜமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.