ஒரு லட்சத்து மூன்றாம் கவுண்டர்

ஒரு காட்டில் எல்லா உயிருக்கும் ஆளுக்கொரு நம்பர் கொடுத்திருந்தார்கள். வெள்ளச்சி என்ற எலிக்கு வந்தது 1,00,003. கூச்ச சுபாவம் அவளுக்கு. யார் வந்தாலும் வழிவிட்டு வழிவிட்டே நம்பர் வரிசையில் கிட்டத்தட்ட கடைசிக்குப் போய்விட்டாள். அப்புறம் வேறு என்ன நம்பர் வரும்?

ஐப்பசி மழையில் அவள் வளைக்குள் தண்ணீர் ஏறியது. நாலு குட்டிகளையும் ஒரு கல்மேல் உட்கார வைத்துவிட்டு, மேட்டில் ஒரு வளை கேட்டு ஆபீசுக்கு ஓடினாள். அதற்குச் சீல் வைத்த சீட்டு வேண்டும்.

கூட்டம் நெருக்காமல் இருக்க அங்கே ஒரு சட்டம். கவுண்டரின் எண்ணால் உங்கள் நம்பர் மீதியில்லாமல் வகுபட்டால்தான் அங்கே சீல்.

இரண்டாம் கவுண்டரில் இருந்த எருமை தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஒற்றைப்படை. தள்ளி நில்லும்மா."

மூன்றாம் கவுண்டரில் கீரி வகுத்துப் பார்த்தது. "ஒண்ணு மீதி வருதே. மீதியை நான் எங்க வைக்கிறது?"

"சின்ன மீதிதானே, சார்." இதைச் சொல்வதற்குள் வெள்ளச்சிக்கு மூச்சு வாங்கியது.

"சின்னதோ பெருசோ, ஆடிட்டுல என்னைத்தானே கேப்பாங்க?"

ஐந்தாவதில் பார்த்தவுடனே விரட்டினார்கள். ஏழாவதிலும் ஒன்று மீதி. பதினொன்றில் இரண்டு. திடீரென்று அவளுக்கு ஞாபகம் வந்தது, ஒன்றால் எல்லா நம்பரும் வகுபடுமே! ஒன்றாம் கவுண்டருக்கு ஓடினாள். வாசலில் நரி.

"இது சிங்கராஜா வீட்டு ஆளுங்களுக்கு மட்டும். நீ ராஜாவுக்கு என்ன முறை?"

பலகாரம் என்ற முறைதான். அதை எப்படி வாயால் சொல்வது? திரும்பிவிட்டாள்.

ஒவ்வொரு கவுண்டராக ஏறி இறங்கி முன்னூற்றுப் பதின்மூன்றுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஆமை. நிதானமாக வகுத்து, நூற்றைம்பத்தாறு மீதி என்றது.

"இதுக்கு மேல அலையாதம்மா. இதுக்கு அடுத்த பகா எண்ணை அதாலயே பெருக்கினா உன் நம்பரைத் தாண்டிடும். இதுவரைக்கும் வகுபடலைன்னா உன்னோடதும் பகா எண். ஒண்ணால வகுபடும், இல்லைன்னா அதை அதாலயேதான் வகுக்கணும்."

"அப்போ லட்சத்து மூணாம் கவுண்டர் எங்க இருக்குங்க?"

"இன்னும் கட்டலை."

வெளியே மழை வலுத்தது. கல்மேல் நாலு குட்டிகள். வெள்ளச்சி வாழ்க்கையில் முதல்முறையாக யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். தாழ்வாரத்துக் கோடியில் உடைந்த நாற்காலி ஒன்று கிடந்தது. அதை நிமிர்த்தி, ஓர் இலையில் '1,00,003' என்று கீறித் தொங்கவிட்டு, ஏறி உட்கார்ந்தாள். தன் நம்பரை வகுத்தாள். ஈவு ஒன்று, மீதி பூஜ்ஜியம். காலைச் சேற்றில் தோய்த்துச் சீட்டில் அழுத்தினாள். சீல் ஆயிற்று. எருமை எட்டிப் பார்த்து, "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றது.

பொழுது சாய்வதற்குள் குட்டிகள் மேட்டு வளையில் உலர்ந்து படுத்திருந்தன.

மறுநாள் காலை வெள்ளச்சி வேலைக்கு வந்துவிட்டாள். நாற்காலி இருக்கிறதே, சும்மா விட முடியுமா? மத்தியானம் நனைந்த குஞ்சுகளோடு ஓர் அணில் வந்து நின்றது. அதன் நம்பர் 1,00,019.

"எந்தக் கவுண்டர்லயும் வகுபடலைங்கக்கா. நீங்களும் பிள்ளைக்காரி. பார்த்துச் செய்யுங்க."

வெள்ளச்சிக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தாள்.

"பதினாறு மீதி வருதேம்மா. மீதியை நான் எங்க வைக்கிறது?"

அணில் பக்கத்தில் வேறு உடைந்த நாற்காலி கிடக்கிறதா என்று பார்த்தது. இல்லை. வெள்ளச்சி இலையைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் 'சாப்பாட்டு நேரம்' என்று கீறியிருந்தது.

நீதி: எதனாலும் வகுபடாதவர்கள் மனம் தளர வேண்டாம். நாற்காலி கிடைக்கும்வரைதான் அந்தக் கஷ்டம். அதற்குப் பிறகு அது அடுத்தவர் கஷ்டம்.