மூன்று பேர் கோஷ்டி

"உன் கணக்கு சொல்ற கோஷ்டி நிஜமாவே கோஷ்டிதான்னு நான் எப்படி நம்பறது?" என்று வெங்கடரமணனைக் கேட்டார் அவனுடைய ஆராய்ச்சி வழிகாட்டி ஹென்றி சார்.

ஐந்து வருடமாக அடையாறு ஆராய்ச்சிக்கூடத்தில் அவன் செய்தது ஒரே வேலை. ஈஸ்ட் செல்லுக்குள் எந்தப் புரதம் எதனோடு ஒட்டுகிறது என்று கோடு போடுவான். தங்களுக்குள் அதிகம் ஒட்டுகிறவை ஒரு கோஷ்டி. கோஷ்டி என்று இருந்தால் சேர்ந்து ஏதோ ஒரு வேலை செய்கிறது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை மாலையோடு அவன் பதிவு காலாவதி. அதற்குள் ஆய்வேட்டில் சார் கையெழுத்து விழாவிட்டால் ஐந்து வருடமும் அம்போ.

"விடை தெரிஞ்ச இடத்துல போட்டுப் பாரு. சரியா வந்தா கையெழுத்து," என்றார் சார்.

விடை தெரிந்த இடம், மயிலாப்பூரில் அவன் குடியிருந்த வீடு. பன்னிரண்டு போர்ஷன். தொண்ணூற்றெட்டில் அப்படி வீடுகள் மிச்சமிருந்தன. எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே டெலிபோன், யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வாசலிலேயே தெரியும். இப்போது நினைத்தாலும் மனசு அங்கே ஓடுகிறது.

திங்கட்கிழமை நோட்டும் கையுமாக மாடிப்படியில் உட்கார்ந்தான். யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று கோடு போட்டதில் வீடே ஒரு கோஷ்டி என்று வந்தது. டெலிபோன் இருந்தது கீழ் போர்ஷன் சுப்புராயன் வீட்டில். அங்கே போகாதவர் யார்? சுப்புராயனைக் கணக்கிலிருந்து தூக்கினான். உடனே கேபிளில் கிரிக்கெட் பார்ப்பவர்கள் ஒரு கோஷ்டி, உறைமோர் கேட்டுப் போகிறவர்கள் ஒரு கோஷ்டி என்று அழகாகப் பிரிந்தது.

மூன்றாவதுதான் உதைத்தது. மாடியில் குடியிருந்த, பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் நோரா. பாத்திரம் தேய்க்கும் தங்கபுஷ்பம். அவனுடைய சொந்த மனைவி சாருலதா.

"நோரா ஆத்துல உனக்கு என்ன வேலை?"

"ஒண்ணுமில்லையே," என்றாள் சாருலதா. "வெள்ளிக்கிழமை வந்துண்டே இருக்கு. தீசிஸை டைப் அடிக்க வேண்டாமா?"

"முதல்ல கணக்கு சரியாகட்டும். இன்னும் ஒரு தடவை திருத்தணும்." இதை அவன் இரண்டு வருடமாகச் சொல்லி வந்தான்.

சுப்புராயன் வீட்டிலிருந்து ஹென்றி சாருக்குப் போன் போட்டான்.

"வேலையே இல்லாத கோஷ்டி வந்தா உன் கணக்கு தப்பு," என்றார் சார். "ஈஸ்ட்ல என்ன பண்ணுவே? ஒண்ண எடுத்துட்டுப் பாப்பே. எது நின்னுபோகுதோ அதான் அதோட வேலை."

செவ்வாய்க்கிழமை மாலை தங்கபுஷ்பத்துக்கு லீவு கொடுத்தான்.

"இன்னா சார், நான் கேக்கவே இல்லியே?"

"பரவாயில்லை, நாலு நாள் எடுத்துக்கோ."

புதன்கிழமை நின்றது பாத்திரம் மட்டும். அது ஊருக்கே தெரிந்த வேலை, கணக்கில் சேராது. அதை அவனே தேய்த்தான். ஆனால் சாருலதா ஒரே நாளில் ஐந்து தடவை மாடிக்குப் போய்வந்தாள். கோடு தடித்துவிட்டது.

வியாழக்கிழமை காலை அவளை தி.நகர் அக்கா வீட்டுக்குக் கிளப்பினான்.

"இன்னும் ரெண்டு நாள் கழிச்சுப் போறேனே."

"ஏன், ரெண்டு நாள்ல என்ன?"

அவள் பையை எடுத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அதையும் நோட்டில் குறித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டில் தண்ணீர் வந்தது, தயிர் உறைந்தது, கிரிக்கெட் ஓடியது. 'எதுவும் நிற்கவில்லை' என்று எழுதி நோட்டை மூடினான். கணக்கு தப்பு. கையெழுத்து கிடையாது. முப்பத்திரண்டு வயசில் படிக்கட்டில் உட்கார்ந்து அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது, ஆனால் அழுகை நிற்கவில்லை.

லீவு பொறுக்காமல் தங்கபுஷ்பம் வந்து நின்றாள்.

"இன்னா சார், மூஞ்சி இப்டி கீது?"

"எல்லாம் போச்சு. நீங்க மூணு பேரும் பிரிஞ்சும் இந்த ஆத்துல ஒரு வேலைகூட நின்னுபோகலை."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நிக்கலியா? உன்கிட்ட சொன்னா திருத்தணும்னு புடுங்கிக்குவியாம். அதான் அம்மா உன் பீரோலேர்ந்து பத்து பத்து பக்கமா எடுத்துக் குடுக்கும், நான் கூடைல வச்சி மேல கொண்டுபோவேன், நோராம்மா டைப் அடிக்கும். முக்காவாசி முடிஞ்ச உன் புக்குதான் சார் நேத்துலேர்ந்து நின்னுக்கினு கீது."