மாறுவேட நோயாளி

முகத்தைப் பார்க்காமலே மாத்திரையை நீட்டுவது நர்ஸ் தெரெசிட்டாவின் பதினோரு வருஷப் பழக்கம். அன்று நீட்டிய கை பாதியில் நின்றது. எதிரே நின்றவர் தீவுக்குப் புது ஆள்.

மாவட்டத்திலிருந்து ஒருவர் நோயாளி வேஷத்தில் வந்து சுகாதார நிலையத்தைச் சோதிக்கப் போகிறாராம். இரண்டு நாளாகப் படகுத்துறை முழுக்க இதே பேச்சு.

"உட்காருங்க சார். எத்தனை நாளா இருமல்?"

முதுகில் குழாய் வைத்துக் கேட்டாள். எந்த மாத்திரை எதற்கென்று இரண்டு தடவை சொன்னாள். குடிக்க வெந்நீரும் கொடுத்தாள். அவர் போன பிறகும் அறையில் கவிச்சி வாடை போகாதபோதுதான், வந்தது கருவாட்டு வியாபாரி என்று புரிந்தது.

வரிசையில் முணுமுணுப்பு.

"வெளியூர்க்காரனுக்கு வெந்நீர், எங்களுக்கு வெறும் மாத்திரையா?"

மறுநாள் பக்கத்து வீட்டு தோத்தோய் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து நின்றார்.

"நான் செபூ நகரத்துலேர்ந்து வரேன்."

"மாமா, உங்க வீட்டுச் சேவல்தான் தினமும் என்னை எழுப்புது."

"அது செபூ சேவல்."

விரட்டிவிடலாம். ஆனால் அந்த மாவட்டத்து ஆள் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால்? தோத்தோய்க்கும் ரத்த அழுத்தம் பார்த்தாள். இனி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் என்று முடிவு கட்டினாள். வம்பு விட்டது என்று நினைத்தாள்.

விடவில்லை. சேதி பரவி, சுற்றுத் தீவுகளிலிருந்து படகு படகாக ஆட்கள் வந்திறங்கினார்கள். அத்தனையும் புது முகம்! துப்புரவுக்காரி பிலாங் துடைப்பத்தை நீட்டி வரிசையை ஒழுங்குபடுத்தினாள். கதவு காலை ஏழுக்கே திறந்தது. தெரெசிட்டாவின் மதியச் சோறு மேஜையிலேயே ஆறிப்போனது.

வியாழனன்று மரிலு என்றொரு நிறைமாதக்காரி வந்தாள். தலைவலி, கால் வீக்கம் என்றாள். முன்பென்றால், "வெயில் சூடுதான், தண்ணி குடி" என்று அனுப்பியிருப்பாள். இப்போது வேறு சந்தேகம். பார்த்த முகமாக இல்லையே, வயிறு நிஜமா, தலையணையா? மெல்லத் தொட்டு அழுத்தினாள். உள்ளிருந்து ஓர் உதை வந்தது.

வெட்கத்தை மறைக்க ரத்த அழுத்தக் கருவியை எடுத்துக் கட்டினாள். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. இன்னொரு தடவை பார்த்தாள். அதேதான்.

"தலைவலி எத்தனை நாளா?"

"பத்து நாளா. போன வாரமும் வந்தேனே அக்கா. நீங்கதானே மாத்திரை குடுத்தீங்க?"

தெரெசிட்டாவுக்கு வரிசை, சோதிக்க வருகிறவர் எல்லாம் மறந்துபோயின. மரிலுவைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றி, தானும் ஏறி, நகரத்து மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் மூச்சுவிட்டாள். அன்றே ஆபரேஷன். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது.

இரண்டு நாள் கழித்து அங்கிருந்த டாக்டர் போன் செய்தார்.

"இன்னும் ஒரு நாள் போயிருந்தா ரெண்டு பேரும் இல்லைம்மா. நல்ல வேளை, கவனிச்சீங்க."

"டாக்டர், எங்களைச் சோதிக்க ஒருத்தரை அனுப்புறீங்களாமே, எப்ப வருவாரு?"

"யாரு? மாவட்டத்துல அப்படி ஒரு ஆளே இல்லையேம்மா. யார் சொன்னது?"

தெரெசிட்டா போனை வைத்தாள். பிலாங் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"நர்ஸம்மா, நாளைக்கு எனக்கு லீவு வேணும். அக்கரைத் தீவுக்காரங்க, எங்க ஊர் நர்ஸ் காதுலயும் அந்த மாறுவேட ஆள் கதையைப் போட்டுட்டுப் போன்னு என்னைக் கூப்பிடுறாங்க."