எங்கள் ஊர் பிஷப்

உலக வரலாற்றிலேயே இஸ்லாத்துக்கு ஒரு பிஷப்பை நியமித்த முதல் ஊர் எங்களுடையது. ரைன் நதிக்கரை ஜெர்மானியர்களுக்குத் தற்பெருமை வராது. அதனால் துருக்கியனான நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரசுப் பள்ளியில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மதபாடம் உண்டு. அந்த நேரத்தில் என் மகள் ரவ்ஸாவும் மற்ற முஸ்லிம் பிள்ளைகளும் வராந்தாவில் உட்கார்ந்து 'மதச் சுதந்திரத்தை' அனுபவிப்பார்கள். அவள் முதல் வகுப்பில் சேர்ந்தபோது எங்களுக்கும் பாடம் தர அரசு மனமிரங்கியது. போஸ்னியக்காரி நெர்மினா டீச்சர், அதற்கென்றே படித்துவிட்டு வேலையில்லாமல் காத்திருந்தார். அவரை நியமிக்கக் குழு கூடியது. பெற்றோர் சார்பில் நான்.

"டீச்சரை உங்க மதத் தலைமை அங்கீகரிக்கணும். உங்க பிஷப் யாரு?" என்றார் கல்வி அலுவலகத்து பிரிங்க்மான் அம்மையார்.

"எங்கள்ல பிஷப்பே கிடையாது மேடம். அல்லாவுக்கும் அடியானுக்கும் நடுவுல ஆளே இல்ல."

"நடுவுல ஆள் இல்லேன்னா நான் யாருக்கு ஃபோன் பண்றது?"

இந்தக் கேள்வியை எந்த மார்க்க அறிஞரும் இதுவரை சிந்தித்ததில்லை.

துருக்கிப் பள்ளிவாசல் தன் இமாமை முன்மொழிந்தது. "அவரு நோன்புப் பிறையையே வானத்துல பாக்காம காலண்டர்லதான் பாக்குறாரு," என்றார்கள் மொராக்கோக்காரர்கள். அவர்களுடைய இமாமைச் சொன்னால், "அவரு ஓதி முடிக்கிறதுக்குள்ள கடைசி பஸ் போயிரும்," என்றார்கள் போஸ்னியக்காரர்கள். இப்படியே வருடங்கள் ஓடின. ரவ்ஸா வராந்தாவிலேயே வகுப்பு ஏறினாள்.

கடைசியில் ஒரு விஷயத்தில் ஒற்றுமை கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று ஜமாஅத்தும் கேள்வி கேட்காமல் சாப்பிடும் ஒரே இடம், ஜெவ்தெத்தின் கெபாப் கடை.

"அப்ப அவர்தான் பிஷப்!" அம்மையார் கண்கலங்கினார்.

நெர்மினா டீச்சரைக் கடைக்கு வரவழைத்து, ஜெவ்தெத் கறி சீவிக்கொண்டே நேர்காணல் நடத்தினார்.

"கறி ஹலாலான்னு சொல்லுவேன் பாய். டீச்சர் ஹலாலான்னு எப்படிச் சொல்றது?"

"பார்த்துச் சொல்லுங்க," என்றேன்.

"காரம் போடவா, டீச்சர்?"

"தாராளமா."

"நம்ம ஆளுதான்!"

நெர்மினா ஹலால் ஆனார்.

மதபாட வகுப்பின் தொடக்க விழாவுக்குள் ரவ்ஸா அந்தப் பள்ளியையே முடித்துவிட்டாள். பூங்கொத்து கொடுக்க மட்டும் அழைத்திருந்தார்கள்.

"பாவம், இத்தனை வருஷமா மதபாடமே இல்லாம இருந்திட்டியே!" என்றார் அம்மையார்.

"இருந்துச்சே மேடம்! மொராக்கோ பிள்ளைங்க குர்ஆன் சூரா சொல்லித் தந்தாங்க. போஸ்னியா பிள்ளைங்க பாட்டுச் சொல்லித் தந்தாங்க. எல்லாரும் ஒண்ணாத்தான் ஓதினோம்."

மேடையில் இருந்த அம்மையாரும் மூன்று இமாம்களும் பிஷப்பும் பதறி எழுந்தார்கள்.

"யாரைக் கேட்டு ஓதினீங்க?"

அரசும் மூன்று பள்ளிவாசல்களும் ஒரே குரலில் பேசிய அந்தத் திருநாளைத்தான், எங்கள் ஊர் ஆண்டுதோறும் 'நல்லிணக்க நாள்' என்று கொண்டாடுகிறது.