வெங் தைஹெ எடுத்துக்கொடுத்த தேநீர் செட்

கடைக்குக் கூட வருகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வாங்குவது இவர்கள் வேலையல்ல. வாங்கப் போனவரை வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்ப அழைத்துவருவதே இவர்கள் வேலை. நீங்கள் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டால் போதும், எதிர்வீட்டுக் கதவு திறக்கும். "தேநீர் செட் வாங்கவா கெளம்பிட்டீங்க? தனியாவா? ஐயையோ, ஏமாத்திப்புடுவானுங்க. இருங்க, நானும் வரேன்!" அவ்வளவுதான். உங்கள் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

எங்கள் சாவ்சோவ் நகரத்தில் இந்த இனத்தின் தலைமகன் வெங் தைஹெ. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ரகசியம் பேசினாலும் கடைசி வரிசைப் பயணிக்குக் கேட்கும். முடிவெட்டும் கடையிலும் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் மரத்தடியிலும்கூட ஒரு குட்டித் தேநீர்க் கெண்டியும் மூன்று கிண்ணமும் இருக்கிற இந்த ஊரில், தைஹெ வீட்டில் மட்டும் தேநீர் செட் கிடையாது. பழையது உடைந்து பதினோரு வருடமாகிறது. தகுதியான ஒன்று இன்னும் அவர் கண்ணில் படவில்லை. அதுவரை? அவர் மனைவி யூமேய் ஊறுகாய் பாட்டிலில் இலையைப் போட்டு, வெந்நீரை ஊற்றி, பல்லால் வடிகட்டிக் குடிக்கிறாள். விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவாள்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் ஷுவென். மருந்துக்கடையில் வேலை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்தன்று காலையில் மண்டியிட்டு மாமியார் கையில் முதல் தேநீரைக் கொடுக்க வேண்டுமே, அந்த செட் தனக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். செய்த ஒரே தப்பு, அதை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது.

முதல் ஞாயிறு, வளைவுத் தெருவில் ஷென் அம்மாளின் கடையில், தைஹெ ஒன்பது கெண்டிகளைக் கவிழ்த்தார், மூடியைத் தட்டினார், வயிற்றுக்குள் மூக்கை நுழைத்து மோந்தார், ஒன்றையும் தேறவிடவில்லை. இரண்டாம் ஞாயிறு பதினான்கு. மூன்றாம் ஞாயிறு, ஷென் அம்மாள் மரியாதைக்கு ஊற்றிக்கொடுத்த தேநீரை முப்பது கிண்ணம் குடித்துவிட்டு, "இந்த வருஷம் களிமண்ணே சரியில்லை" என்று களிமண்ணையே கழித்துக்கட்டினார்.

"பெரியப்பா, கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு."

"கல்யாணம் ஒரு நாள் கூத்தும்மா. கெண்டி ஆயுசுக்கும் இருக்கறது."

நான்காம் ஞாயிறு, மாப்பிள்ளை ஜெகாய் துணைக்கு வந்தான். அவனும் தனியாக வர முடியவில்லை. அவனுடைய அத்தை லீஹுவா கூடவே வந்துவிட்டாள். இந்த இனத்தில் பெண்பாலும் உண்டு என்பதை ஷென் அம்மாள் அன்றுதான் கண்டாள்.

தைஹெ ஒரு கெண்டியில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்தார். "மூக்கு சொட்டுது."

"மூக்கு கெடக்கட்டும். மூடி ஆடுதே, கண்ணு தெரியலையா அண்ணே?"

"மூடி ஆடினா என்ன? விரலால புடிச்சுக்கலாம். சொட்டற மூக்கை யாரும்மா புடிக்கிறது?"

"நாப்பது வருஷமா டீ ஊத்தறவ நான்!"

"அம்பது வருஷமா குடிக்கறவன் நான்!"

ஷுவென் மெல்ல விலகிக் கீழ்த்தட்டின் முன் குந்தினாள். சின்னச் சிவப்பு மண் கெண்டி, முட்டை ஓடு போல மெலிந்த மூன்று வெள்ளைக் கிண்ணங்கள், வட்டத் தட்டு. கெண்டியை எடுத்தாள். உள்ளங்கையில் அடக்கமாக உட்கார்ந்தது. கீழே வைக்க மனம் வரவில்லை.

"புடிச்சிருக்கா?" என்றான் ஜெகாய்.

"ம்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டோம்னா நம்ம பிள்ளை கல்யாணத்துக்குத்தான் செட் வரும்."

ஜெகாய் நல்ல பையன். வாயை மூடிக்கொண்டு பணத்தை எடுத்தான். ஷென் அம்மாள் ஒரு கையால் காகிதம் சுற்றியபடியே மறு கையால் அந்த இருவருக்கும் தேநீர் ஊற்றினாள். "நீங்க சொல்லுங்கண்ணே, மூக்குன்னா எப்படித்தான் இருக்கணும்?" தைஹெ சொல்ல ஆரம்பித்தார். லீஹுவா மறுக்க ஆரம்பித்தாள். நாலு நிமிடத்தில் வியாபாரம் முடிந்தது. இளசுகள் இரண்டும் எதிர்க்கடையில் இறைச்சி உருண்டை சூப் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, விவாதம் கைப்பிடிக்கு வந்திருந்தது.

கல்யாணத்தன்று காலை. ஷுவென் மண்டியிட்டாள். கிண்ணம் மூன்று, இரு வீட்டுப் பெற்றோர் நான்கு பேர். முதல் மூவரும் குடித்ததும் ஒரு கிண்ணத்தை வெந்நீரில் அலசி நாலாமவருக்கு ஊற்றினாள். மாமியார் காலிக் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கே. யாரு எடுத்தது?"

"நான்தான்!" என்றார் தைஹெ, பேருந்து நிலையக் குரலில்.

"நான்தான்!" என்றாள் லீஹுவா, அதைவிட உரக்க.

மாமியார் இருவரையும் பார்த்தாள். மருமகள் பக்கம் குனிந்து, காதோடு சொன்னாள்: "என் நாத்தனாரைக் கூட வச்சுக்கிட்டு ஒரு சாமான் வாங்கிட்டியா? முப்பது வருஷமா ஒரு கைக்குட்டைகூட வாங்க என்னால முடியலடி. எப்படின்னு எனக்கும் சொல்லிக்குடு."

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். நான்கு பேருக்கு மூன்று கிண்ணம் என்று படித்ததும், "அட, ஆறு கிண்ண செட்டாகப் பார்த்து எடுத்திருக்கலாமே, விவரம் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போகக் கூடாதா?" என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால் ஓர் உபகாரம் செய்யுங்கள். நான் எந்தக் கிழமை கடைக்குப் போகிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.